அக்காவிடம் சொன்னது கணக்கில் வராதா?

போன வார அத்தியாயத்தில் மாப்பிள்ளை மருத்துவமனை வாசலில் நின்று கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாரே, அந்தக் கண்ணீரை நம்பியவர்கள் கையைத் தூக்குங்கள். பரவாயில்லை, நானும் தூக்குகிறேன். எழுதுகிற எனக்கே மனசு இளகிவிட்டது என்றால் படித்தவர்களைச் சொல்லி என்ன பயன்? "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்று ஒரு வாசகி கடிதம்கூடப் போட்டிருந்தார். அம்மணி, இந்த வாரத்தை உட்கார்ந்தே படியுங்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. அக்கா, தங்கை இரண்டு பேர். பெரியவள் மனநல மருத்துவமனையில் நர்ஸ், ஆண்கள் வார்டில் வேலை. அம்மா போன பிறகு தங்கைக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியதிலிருந்து, மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தது வரை எல்லாம் அவள்தான். சின்னவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். குழந்தை பிறந்ததும் அவளுக்குத் தூக்கம் போயிற்று. தூங்கும் குழந்தை மூச்சு விடுகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தாள். குழந்தை அழாதபோதும் அழுகிறது என்றாள். ஆள் பாதியாகிவிட்டாள்.

பெரியவள்தான் பேசிப் பேசி அவளைத் தன் மருத்துவமனைக்கே அழைத்து வந்தாள். அந்த மருத்துவமனைக்குள் நுழைய இரண்டு வழி. மற்றவர்கள் கொண்டுவந்து சேர்ப்பது ஒன்று. தானாக வந்து சேர்வது இன்னொன்று. சின்னவள் தானாகவே வந்தவள். தன் கையாலேயே கையெழுத்துப் போட்டவள்.

"நீயா வர்றே, நீயா போவே. போகணும்னு நீ வாயைத் திறந்தா போதும். உன்னை யாரும் பிடிச்சு வைக்க முடியாது. அதுதான் சட்டம்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள் அக்கா. கூடவே இன்னொன்றும் சொன்னாள். "எது வேணும்னாலும் என்கிட்ட சொல்லு. வேற யார்கிட்டயும் போய் நிக்காத."

அன்பாகத்தான் சொன்னாள். அதில் சந்தேகமே இல்லை.

இனி, அந்த வியாழக்கிழமை.

காலையில் பெரியவள் துவைத்து மடித்த துணிப்பையோடு பெண்கள் வார்டுக்குப் போனாள். தன் டியூட்டிக்கு நடுவே கிடைத்த இடைவேளை அது. உடம்பில் யூனிஃபார்ம், இடுப்பில் சாவிக்கொத்து.

சின்னவள் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு மங்கியிருந்தது. பார்த்ததும் பெரியவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

"நல்லாத் தூங்கினியா?"

"தூங்கினேன். அக்கா, நான் வீட்டுக்குப் போகணும்."

"போகலாம், போகலாம். இந்தப் பச்சை உடுப்பு சாயம் போகுது, தனியாத் துவைச்சேன்."

"நேத்தும் இப்படித்தான் சாயத்தைப் பத்திப் பேசினே. அதுக்கு முந்தி, திங்கக்கிழமை தோட்டத்துல கேட்டப்ப, மருந்தைப் பத்திப் பேசினே."

"இப்பத்தானேடி தூக்கம் வந்திருக்கு? இன்னும் கொஞ்ச நாள் இரு. உடம்பு தேறட்டும்."

"உடம்பு தேறிடுச்சு. பாப்பாவை ஏன் கூட்டிட்டு வர மாட்டேங்கிறார்?"

"சளியாம். மாப்பிள்ளை சொன்னார்."

"எத்தனை நாளைக்கு ஒரு சளி?" என்று கேட்டுவிட்டுச் சின்னவள் பின்னலை முடிந்தாள். "போகணும்னு வாயைத் திறந்தா போதும்னு சொன்னே. திறந்துட்டேன் அக்கா. இனி நீதான் பார்த்துக்கணும்."

பெரியவள் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள்.

வார்டு வாசலில் இன்சார்ஜ் அம்மா மருந்து வண்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் வார்டுக்கு அவர்தான் தலைமை நர்ஸ், பெரியவளோடு ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். "தங்கச்சி என்ன சொல்றா? ஏதாவது கேட்டாளா?" என்று தலையைத் தூக்காமலேயே விசாரித்தார்.

"ஒண்ணும் இல்ல. நல்லாத் தூங்கறா" என்றாள் பெரியவள்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கும் வரவேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

தானாக வந்து சேர்ந்தவர் "போகணும்" என்று சொல்லிவிட்டால், காதில் வாங்கிய நர்ஸ் அப்போதே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். டாக்டர் வந்து பார்த்து அனுப்பி வைக்க வேண்டும். அனுப்ப முடியாது என்றால் சட்டம் ஒத்துக்கொள்கிற காரணம் காட்ட வேண்டும். ஆபத்து கண்ணெதிரே இருந்தால் மட்டும், டாக்டர் வரும்வரை சற்று நேரம் நிறுத்தி வைக்க நர்ஸுக்கு அதிகாரம் உண்டு. அதற்கு மேல் ஒரு நிமிஷம் வைத்தாலும் அது வைத்தியம் அல்ல, அடைத்து வைப்பது.

இதையெல்லாம் அந்த மருத்துவமனையில் புதிதாகச் சேரும் நர்ஸுகளுக்கு வகுப்பெடுத்துச் சொல்பவர் யார் தெரியுமா? சாட்சாத் நம் பெரியவள்தான். அங்கே அவளுக்குப் பட்டப்பெயரே 'சட்டம்'. "சட்டம் வர்றாங்க, எல்லாத்தையும் ஒழுங்குபடுத்து" என்று வார்டில் கிசுகிசுப்பார்கள். "டீ வேணும், அப்படியே வீட்டுக்கும் போகணும்னு ஒருத்தர் பேச்சோட பேச்சாச் சொன்னாலும் அது கோரிக்கைதான். குளியலறை வாசல்ல சொன்னாலும் கோரிக்கைதான்" என்று வகுப்பில் அவள் சொல்லும்போது பின்வரிசை கூடச் சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்ளும்.

அப்படிப்பட்டவள் தன் தங்கை கேட்டதை மட்டும் விழுங்கிவிட்டாள். அவளைக் கேட்டால் ஒரு பதில் வைத்திருந்தாள். 'அவ அக்காகிட்ட சொன்னா. நர்ஸ்கிட்ட சொல்லல. வீட்டு ஆளுக்குள்ள பேசிக்கிறதெல்லாம் கோரிக்கை ஆகுமா?' இந்தப் பதிலைத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

பயம்தான் காரணம். வீட்டுக்குப் போய் மறுபடியும் தூக்கம் போய்விட்டால்? மறுபடியும் ராத்திரியெல்லாம் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றால்? இங்கே இருந்தால் என் கண் பார்வையில் இருப்பாளே! மாப்பிள்ளையும் தினம் போன் போட்டு, "அண்ணி, இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும். எனக்கு பயமா இருக்கு" என்று தழுதழுத்தார். வீடு விற்றுக் கொடுக்கிற தரகு வேலை அவருக்கு. ஒழுகுகிற கூரையையும் காற்றோட்டம் என்று சொல்லி விற்றுவிடுவார். அந்த வாயை யார்தான் நம்பமாட்டார்கள்?

மதியம் ஆய்வுக்கு ஆள் வந்தது.

மருத்துவமனையில் யாரையாவது முறையில்லாமல் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் குழுவிலிருந்து ஒருவர் வருவது வழக்கம். இந்த முறை வந்தது ஒரு வக்கீலம்மா. குட்டையான உருவம், பெரிய கைப்பை, சிரிப்புக்குக் குறைவில்லை. கட்டில் கட்டிலாகப் போய் உட்கார்ந்து பேசுவார்.

இன்சார்ஜ் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆண்கள் வார்டுக்கு ஆள் அனுப்பிப் பெரியவளை வரவழைத்துவிட்டார். "இவங்கதான் மேடம், எங்க ஆஸ்பத்திரியோட சட்டம். எதைக் கேட்டாலும் விரல் நுனியில வச்சிருப்பாங்க."

"அப்போ என் வேலையை இவங்களே பார்த்துடுவாங்க. நான் டீ குடிச்சிட்டுக் கிளம்பலாமா?" என்றார் வக்கீலம்மா. எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் கடைசி.

ஒவ்வொருவரிடமும் அதே கேள்விகள். நீங்களா வந்தீங்களா? இங்கே யாராவது மிரட்டறாங்களா? போகணும்னு கேட்டீங்களா? எந்நேரமும் பாடிக்கொண்டே இருக்கிற ஒரு பாட்டுக்காரி, "போகணும்னுதான் நினைச்சேன். சாப்பாடு நேரத்துக்கு வருதேன்னு இருந்துட்டேன்" என்றாள். நல்ல கலகலப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

ஜன்னலோரக் கட்டில் வந்ததும் பெரியவள் நின்றாள். "மேடம், இது என் தங்கை. நான் வெளியே நிக்கிறேன். அதுதான் முறை."

முறை எல்லாம் அத்துப்படிதான், பாருங்கள்.

"அவ இருக்கட்டும்" என்றாள் சின்னவள்.

"உங்களுக்குச் சம்மதம்னா இருக்கட்டும்மா" என்று வக்கீலம்மா கட்டிலோரம் உட்கார்ந்தார். "நீங்களா விருப்பப்பட்டு வந்தீங்களா?"

"ஆமா."

"இப்ப எப்படி இருக்கு?"

"தூங்கறேன். சாப்பிடறேன். கையில நடுக்கம் இல்ல. கடையில போய் இப்பவே ஒரு பவர் செக் பண்ணச் சொன்னாலும் பண்ணிடுவேன்."

"வீட்டுக்குப் போகணும்னு யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"கேட்டேன்."

இன்சார்ஜ் அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "எப்போம்மா? எங்க நர்ஸுங்க யார்கிட்டயும் நீ கேட்கலையே?"

"மூணு தடவை கேட்டேன். தோட்டத்துல ஒரு தடவை. நேத்து. இன்னிக்குக் காலையில."

"யார்கிட்ட?" என்றார் வக்கீலம்மா.

சின்னவள் கையை நீட்டவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் அக்காகிட்ட. எது வேணும்னாலும் அவகிட்ட மட்டும் சொல்லச் சொன்னா. அதனால வேற யார்கிட்டயும் போய் நிக்கல."

பாட்டுக்காரிகூட வாயை மூடிக்கொண்டாள். எங்கேயோ வகுப்பில் பெரியவள் யாரையோ உதாரணமாகச் சொல்வாளே, அந்த உதாரணமாக அவளே நின்றுகொண்டிருந்தாள்.

வக்கீலம்மா சிரிப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கேட்டார். "அப்போ உங்க அக்கா யூனிஃபார்ம்ல இருந்தாங்களா?"

"எப்பவும் யூனிஃபார்ம்லதான் வருவா."

"நீங்க சொல்லுங்க. உங்க தங்கை கேட்டாங்களா?"

பெரியவள் வாயைத் திறந்தாள். "அது வந்து... அக்காங்கிற முறையில..." என்றவள் அதற்கு மேல் போகவில்லை.

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்ல. ஆனா நான் கிளம்பறதுக்கு முன்னாடி எனக்குப் பதில் வேணும்" என்று எழுந்தார் வக்கீலம்மா. "முதல்ல டாக்டர் வந்து இவங்களைப் பார்க்கட்டும். இப்பவே."

டாக்டர் வந்தார். சின்னவளைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். வக்கீலம்மாவும் கூடவே போனார். கதவு சாத்திக்கொண்டது.

வராந்தாவில் இன்சார்ஜ் அம்மா பெரியவளின் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தார்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே? நீயா இப்படி?"

"பயந்துட்டேன்."

"காலையில நான் கேட்டப்ப கூட ஒண்ணும் இல்லைன்னே. என் முகத்தைப் பார்த்துச் சொன்னே." பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணித்துப் பேசினார். "இங்க பாரு, இன்னும் ஒண்ணும் குடி முழுகிடல. கேட்கலைன்னு சொல்லிடு. தங்கச்சி பேச்சு வாக்குல ஏதோ சொன்னா, இல்ல, மருந்து மயக்கத்துல குழப்பிக்கிறான்னு சொல்லு. நீயும் அவளும் தனியாத்தான் இருந்தீங்க. யாருக்குத் தெரியும்? இல்லேன்னா உன் வேலை மட்டும் போகாது. இனி எங்கேயும் நர்ஸா நிக்க முடியாது. அதை நான் உனக்குச் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. அதுவும் அவள் வகுப்பில் வருகிற பாடம்தான்.

"அவ எப்படியும் இன்னிக்கு வீட்டுக்குப் போகப் போறா. அவளுக்கு இதுல என்ன நஷ்டம்?" என்றார் இன்சார்ஜ்.

நியாயமாகத்தான் பட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெரியவள் தலையை ஆட்டிவிட்டாள். சரி என்றுதான் ஆட்டினாள்.

அந்தத் தெம்பில் மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். சாயங்காலம் தங்கையை அழைத்துப் போக வரவேண்டுமே! போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சரி, வீடு காட்டப் போயிருப்பார் என்று அப்பாவுக்குப் போட்டாள். அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். போனில் பேசினாலும் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல்.

"அப்பா, சின்னவ இன்னிக்கு வர்றா. நீங்க போய்ப் பாப்பாவைத் தூக்கிட்டு இங்க வந்துடுங்களேன். வாசல்லயே குழந்தையைப் பார்த்தா சந்தோஷப்படுவா."

"இதோ கிளம்பிட்டேன்!" என்றார் அப்பா. சட்டை போட்டாரோ இல்லையோ, போன் வைத்த சத்தம் கேட்டது.

திரும்ப அவர் கூப்பிட்டபோது அந்தக் குரலைக் காணோம்.

"பெரியவளே. வீடு பூட்டியிருக்கும்மா."

"கடைக்குப் போயிருப்பார்."

"இல்லம்மா. ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன். தொட்டில் இல்ல. பாப்பாவோட பொம்மை, துணி, ஒண்ணும் இல்ல. எதிர்வீட்டு அம்மா சொல்றாங்க, ரெண்டு நாள் முன்னாடி வேன் வந்து ஏத்திட்டுப் போச்சாம். சின்னவ குணமாகி வர்றா, பெரிய வீட்டுக்குப் போறோம்னு இவர் சொன்னாராம். எனக்குக் கை கால் ஓடலம்மா. பாப்பா எங்கே?"

பெரியவள் நாளை எண்ணிப் பார்த்தாள். ரெண்டு நாள் முன்னாடி. அதற்கு முன்பே சின்னவள் கேட்டுவிட்டாள். தோட்டத்தில் கேட்ட அன்றே டாக்டரிடம் சொல்லியிருந்தால், வேன் வந்தபோது வீட்டில் தாய் இருந்திருப்பாள்.

போன் மறுபடி அடித்தது. மாப்பிள்ளை. வேறு ஏதோ எண்ணிலிருந்து.

"அண்ணி, மாமா வீட்டு வாசல்ல நிக்கிறாராமே? எதிர்வீட்டுல இருந்து இந்தப் புது நம்பருக்குப் போன் வந்துச்சு. வயசான காலத்துல அவரை ஏன் அலைய விடறீங்க?"

"பாப்பா எங்க?"

"பத்திரமா இருக்கா. எங்க அம்மா பார்த்துக்கறாங்க."

"எந்த ஊர்ல?"

"அதெல்லாம் இப்ப வேண்டாம். நாளைக்குக் குடும்பக் கோர்ட்டுல மனு விசாரணைக்கு வருது. குழந்தை என்கிட்டயே இருக்கணும்னு கேட்டிருக்கேன். அம்மாக்காரிக்கு மனநிலை சரியில்ல, ஆஸ்பத்திரியில இருக்கான்னு."

"அவ குணமாகிட்டா! இன்னிக்கு வெளியே வர்றா!"

"வரட்டுமே." குரலில் ஒரு பதற்றமும் இல்லை. போன வாரம் கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே மனுஷர்தான். "நீங்க எனக்குக் குரல் பதிவு அனுப்பினீங்களே, ஞாபகம் இருக்கா? 'இவ இப்ப வீட்டுக்கு வந்தா குழந்தைக்கு நல்லதில்ல மாப்பிள்ளை, பேச்சு இன்னும் நிதானமா இல்ல'ன்னு. அங்கேயே வேலை பார்க்கிற நர்ஸ், கூடப் பிறந்த அக்கா. எங்க வக்கீல் அதைக் கேட்டுட்டு, இது ஒண்ணே போதும்னுட்டார்."

"ஐயோ, அது உங்களுக்குத் தைரியம் சொல்றதுக்காகச் சொன்னது! நீங்க அழுதீங்க, பயமா இருக்குன்னீங்க... அவ நிதானமாத்தான் இருந்தா!"

"அப்படியா? நிதானமா இருந்த ஒருத்தி போகணும்னு கேட்டும், ஏன் அண்ணி அனுப்பாம வச்சீங்க?"

அவருக்குத் தெரியும். அவள்தான் சொல்லியிருந்தாள். 'போகணும்கிறா மாப்பிள்ளை, நான் சமாளிச்சுக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க' என்று, தன் தங்கை புருஷன்தானே என்று, ஒரு நோயாளியைப் பற்றி வெளியாளிடம் சொல்லக்கூடாத அத்தனையையும் சொல்லியிருந்தாள்.

"நீங்க ஒண்ணும் தப்பாப் பண்ணல" என்றார் மாப்பிள்ளை, அவளைத் தேற்றுகிற மாதிரி. "யாராவது விசாரிச்சா, அவ போகணும்னு கேட்கவே இல்லைன்னு சொல்லிடுங்க. உங்க வேலைக்கும் நல்லது, எனக்கும் நல்லது. உங்க தங்கச்சி நடக்காததை நடந்ததாச் சொல்றவன்னு ஆகிட்டா, கோர்ட்டுல என் வேலை இன்னும் சுலபம்."

போனை வைத்துவிட்டார்.

இன்சார்ஜ் அம்மா எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பாவி! குழந்தையையா!" என்றார். பிறகு, "இப்ப சின்னவகிட்ட சொல்லாதே" என்றார். "டாக்டர் அனுப்பறேன்னு சொல்லி, அவ வாசலைத் தாண்டட்டும். உள்ள வச்சுச் சொன்னா கத்துவா, தலையில அடிச்சுப்பா. எந்தத் தாய்தான் அடிச்சுக்க மாட்டா? ஆனா இந்தச் சுவத்துக்குள்ள அது வேற மாதிரி தெரியும். ஆபத்தான நிலைன்னு நிறுத்தி வைக்க வேண்டி வரும். நாளைக்குக் கோர்ட்டுக்கு அவ போகவே முடியாது. வெளியே போய்ச் சொல்லு, கண்ணு."

இதுவும் நல்ல யோசனைதான். அனுபவசாலி சொல்கிற யோசனை.

ஆனால் இந்த முறை பெரியவள் தலையை ஆட்டவில்லை. மறுபடியும் மறைக்கவா? அவள் நன்மைக்காக, அவளுக்குத் தெரியாமல், இன்னும் ஒரு தடவையா? இந்த அன்பு செய்து வைத்த காரியத்தை இப்போதுதானே காதால் கேட்டாள்! அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவள் டாக்டர் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

டாக்டர் புன்னகையோடு இருந்தார். "வாங்க, சட்டம். உங்க தங்கை நல்லா இருக்காங்க. நிறுத்தி வைக்க ஒரு காரணமும் இல்ல. இன்னிக்கே போகலாம்."

சின்னவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வக்கீலம்மா, "என் கேள்விக்குப் பதில் சொல்ல வந்தீங்களா?" என்றார்.

"ஆமா மேடம். என் தங்கை கேட்டா. மூணு தடவை. தெளிவாக் கேட்டா. நான் யார்கிட்டயும் சொல்லல. காலையில இன்சார்ஜ் கேட்டப்ப கூட ஒண்ணும் இல்லைன்னு பொய் சொன்னேன். தப்பு முழுக்க என்னோடது. இந்த வார்டுல இருக்கிறவங்களுக்கு இதுல சம்பந்தம் இல்ல."

டாக்டரின் புன்னகை காணாமல் போயிற்று. வக்கீலம்மா எழுத ஆரம்பித்தார்.

"இன்னொண்ணும் எழுதிக்கங்க. அவ பேச்சுல நிதானம் இல்லைன்னு அவ புருஷனுக்கு நான் குரல் பதிவு அனுப்பினேன். அது பொய். அவளைப் பரிசோதிக்கிற நர்ஸ் நான் இல்ல. சொல்ல எனக்கு உரிமையும் இல்ல. நாளைக்குக் குடும்பக் கோர்ட்டுல அதைப் போட்டுக் காட்டப் போறாங்க. நான் அங்க வந்து இதையே சொல்றேன்."

"கோர்ட்டா? எந்தக் கோர்ட்?" சின்னவள் திரும்பினாள். "எதுக்கு அக்கா?"

பெரியவள் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கையைப் பிடிக்கப் போனாள், பிடிக்கவில்லை. அந்த உரிமை போய்விட்டது என்று அவளுக்கே பட்டது.

"பாப்பாவைத் தூக்கிட்டுப் போயிட்டார்டி. வீட்டைக் காலி பண்ணிட்டார். அவர் அம்மாகூட இருக்காளாம், எங்கன்னு சொல்ல மாட்டேங்கிறார். ரெண்டு நாளாச்சு. நீ கேட்ட அன்னிக்கே நான் சொல்லியிருந்தா நடந்திருக்காது."

வாசலில் நின்ற இன்சார்ஜ் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அவருடைய கை மேஜையோரத்தில் இருந்த அழைப்பு மணிப் பக்கம் தானாகப் போயிற்று. பல வருஷத் தொழில் பழக்கம், அவரைக் குறை சொல்ல முடியாது.

சின்னவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. கத்தவில்லை. முகத்தில் இருந்த ரத்தம் முழுக்க வடிந்துவிட்டது. உதடு மட்டும் துடித்தது. அதைப் பல்லால் கடித்து நிறுத்தினாள். நாற்காலியின் இரண்டு பக்கமும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முதுகை நேராக வைத்து, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே மரியாதைக் குரலில் கேட்டாள்.

"டாக்டர், இப்ப நான் அழலாமா? இல்ல, அழுதா மறுபடி உள்ளேயே வச்சிடுவீங்களா?"

டாக்டர் கையை மணியிலிருந்து எடுத்துவிட்டார். வக்கீலம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலை குனிந்தார். பெரியவள்தான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவள் எவ்வளவு அழுதாலும் அவளை யாரும் உள்ளே வைக்கப் போவதில்லை.